புகையிலையைக் கைவிட மருத்துவம் உண்டு: மலையகத் தோட்டங்களில் அதைக் கேட்டுப் பெறுவது எப்படி?

மலையகத் தோட்டமொன்றின் வேலைநாள் பிரட்டுக்களத்தில் தொடங்குகிறது. பேர் பதிந்து, இன்று எந்த மலையில் கொழுந்து என்று கங்காணி சொல்லி முடிப்பதற்குள் பலரது வாயில் வெற்றிலை ஏறியிருக்கும். இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. ஆண்கள் சிலர் கவ்வாத்துக் கத்தியோடு ஒதுங்கி நின்று பீடியோ சிகரெட்டோ பற்ற வைப்பார்கள். பனியும் மழையும் அட்டையும் நிறைந்த மலையில், பகல் சாப்பாடு வரைக்கும் பசியைத் தள்ளிப்போட அதுதான் துணை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

அதை விட்டுவிடச் சொல்லும் அறிவுரைக்கும் குறைவில்லை. கிளினிக்கில் வைத்தியர் சொல்வார், கோயிலில் பூசாரி சொல்வார், வீட்டில் படிக்கும் பிள்ளை சொல்லும். எல்லோரும் சொல்வதன் சாரம் ஒன்றே: மனம் வைத்தால் விடலாம். மனம் வைத்தும் மூன்றாம் நாளே திரும்பிப் போனவர் தன்னையே பழித்துக்கொள்கிறார். அடுத்த முறை முயலவும் கூசுகிறார்.

அந்த அறிவுரையில் விடுபட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு. புகையிலைக்கு அடிமையாவது சிகிச்சை உள்ள ஒரு நோய். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் இருப்பது போல இதற்கும் ஆய்வுகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில், வயதுவந்தோர் புகையிலையைக் கைவிடுவதற்கான தனது முதலாவது மருத்துவ வழிகாட்டியை வெளியிட்டது. உலகெங்கும் புகையிலை பாவிக்கும் 125 கோடிப் பேரில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் அதை விட விரும்புகிறார்கள் என்றும், 70 சதவீதமானோருக்குப் பயன்தரும் சிகிச்சை எட்டுவதில்லை என்றும் அப்போது அந்நிறுவனம் கூறியது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா தோட்டங்களில் வாழ்வோரில் பலர் அந்த எட்டாத பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

அந்தச் சிகிச்சை எது, அது எப்படி வேலை செய்கிறது, யார் கவனமாக இருக்க வேண்டும், இங்கிருந்து அதை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதை இந்தக் கட்டுரை சொல்கிறது.

மன உறுதி மட்டும் ஏன் போதாது?

புகையிலையில் உள்ள நிக்கோட்டின், புகையாக உள்ளே இழுக்கப்பட்டால் சில விநாடிகளில் மூளையை அடைகிறது. அங்கே டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கச் செய்து, சற்று நேரம் தெளிவையும் ஆறுதலையும் தருகிறது. நிக்கோட்டினின் அளவு ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் உடலில் பாதியாகக் குறைந்துவிடும். குறையும்போது எரிச்சல், பதற்றம், கவனக் குறைவு, பசி, தூக்கமின்மை எல்லாம் தலைதூக்கும். அடுத்த பீடி பற்றியதும் அவை அடங்கும். "பீடி குடித்தால்தான் மனசு அமைதியாகுது" என்ற உணர்வின் பெரும் பகுதி, முந்தைய பீடி உண்டாக்கிய குறையை அடுத்த பீடி நிரப்புவதுதான்.

விட்ட முதல் 3 நாட்களிலிருந்து ஒரு வாரம் வரை இந்த உபாதைகள் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும். பலர் தோற்பது அந்த முதல் வாரத்தில். மருந்துகளின் வேலை, அந்த வாரங்களைக் கடந்துவர ஒரு பாலம் போடுவது.

உங்கள் அடிமைத்தனம் எவ்வளவு ஆழமானது என்பதை அறிய வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி எளியது: காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறீர்கள், அல்லது முதல் வாய் வெற்றிலை போடுகிறீர்கள்? 5 நிமிடத்துக்குள் என்றால் ஆழம் அதிகம். 30 நிமிடத்துக்குள் என்றாலும் மருந்தின் உதவி தேவைப்படக்கூடும்.

வெற்றிலைப் பையிலும் அதே நிக்கோட்டின்

சிகரெட்டை விடும் சிகிச்சை பற்றிப் பேசும்போது மலையகத்தில் ஒரு பெரும் கூட்டம், குறிப்பாகப் பெண்கள், "நமக்கு அந்தப் பழக்கமில்லையே" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். புகையிலையை மெல்வதிலும் உடலுக்குள் போவது அதே நிக்கோட்டின்தான். புகையை விட மெதுவாக ஏறுகிறது. ஆனால் நீண்ட நேரம் நிற்கிறது. வெற்றிலையோடு சேரும் சுண்ணாம்பு வாயில் காரத்தன்மையைக் கூட்டுவதால், நிக்கோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாக இன்னும் எளிதாக உறிஞ்சப்படுகிறது.

பாதிப்பு நிக்கோட்டினோடு நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும், பாக்கைத் தனியாகவும் கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2004இல் வெளிவந்த தொகுதியில் வகைப்படுத்தியது. இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப் புற்றுநோயும் அதற்கு முந்திய நிலைகளும் எவ்வாறு காணப்படுகின்றன என்பதை ஆராய்ந்த பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தினரின் ஆய்வு 2007இல் வெளியானது. தோட்டங்களில் இந்த நோய்க்குத் தனிக் கவனம் தேவை என்பது மருத்துவத் துறைக்குப் புதிய செய்தியல்ல.

சட்டமும் ஓரளவு நகர்ந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை அமைந்தது. 2016 செப்டெம்பர் 1 முதல், புகையிலை கலந்த மெல்லும் கலவைகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை தடை செய்யப்பட்டது. ஆனால் வீட்டில் மடித்துப் போடும் வெற்றிலையும் அதற்குள் வைக்கும் புகையிலைத் துண்டும் சட்டத்தால் மட்டும் மறையக்கூடியவை அல்ல. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளையும் புகையிலை சுருட்டாகவும் மெல்லுவதற்காகவும் பயிரிடப்படுவது. வடக்கின் விளைச்சலும் மலையகத்தின் வெற்றிலைப் பையும் நெடுங்காலத் தொடர்பு கொண்டவை. இது இரு பகுதித் தமிழருக்கும் பொதுவான பிரச்சினை.

என்ன மருந்துகள் இருக்கின்றன?

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் மருந்துகள் நான்கு வகை.

முதலாவது, நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை. புகையோ தாரோ இல்லாமல், குறைந்த அளவு நிக்கோட்டினை மட்டும் உடலுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது இதன் வழி. "அதுவும் நிக்கோட்டின்தானே, புற்றுநோய் வராதா?" என்ற பயம் பலருக்கு உண்டு. புகையிலையால் வரும் புற்றுநோய்க்குக் காரணம் அதன் புகையிலும் இலையிலும் உள்ள வேறு நச்சுகள். நிக்கோட்டின் அடிமையாக்குகிறது, புற்றுநோயை உண்டாக்கும் முதன்மைப் பொருள் அது அல்ல.

பேட்ச் எனப்படும் ஒட்டுப்பட்டையைக் காலையில் தோலில் ஒட்டினால் நாள் முழுக்க மெதுவாக நிக்கோட்டின் இறங்கும். 24 மணித்தியாலப் பட்டைகள் 21, 14, 7 மில்லிகிராம் என்று மூன்று அளவுகளில் உள்ளன. நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் புகைப்பவர் வழக்கமாக 21இல் தொடங்குவார். அதற்குக் குறைந்தவர் 14இல். 8 முதல் 10 வாரங்களில் அளவு படிப்படியாகக் குறைக்கப்படும். உலர்ந்த, முடியில்லாத தோலில் ஒட்டி, தினமும் இடத்தை மாற்ற வேண்டும். கொழுந்து பறிப்பவருக்கு ஒரு குறிப்பு: கூடை உரசும் முதுகைத் தவிர்த்து மேல்கையிலோ மார்பின் மேற்பகுதியிலோ ஒட்டுவது நல்லது. இரவில் தூக்கம் கெட்டால், படுக்கைக்குப் போகும்போது கழற்றிவிடலாம்.

நிக்கோட்டின் சுயிங்கம் 2, 4 மில்லிகிராம் அளவுகளில் வருகிறது. விழித்து 30 நிமிடத்துக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம். இதைச் சாதாரண சுயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரமான சுவை வரும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். இப்படி அரை மணித்தியாலம். வெற்றிலையைக் கதுப்பில் அடக்கிப் பழகியவருக்கு இது புதிதாக இராது. ஊறும் எச்சிலை அடிக்கடி விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். ஒரு நாளைக்கு 24க்கு மேல் கூடாது.

சுயிங்கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிலிருந்தே தேநீர், கோப்பி, பழச்சாறு, சோடா எதையும் குடிக்காதீர்கள். அவற்றின் புளிப்புத்தன்மை, நிக்கோட்டின் கன்னத்தோல் வழியாக இறங்குவதைத் தடுக்கிறது. சுண்ணாம்பு செய்வதற்கு நேர் எதிரான வேலை இது. தேயிலை நாட்டில் இந்தக் குறிப்பை மறந்தால் மருந்து வீண்.

பட்டையைத் தினமும் ஒட்டி, ஆசை கிளம்பும்போது மட்டும் சுயிங்கமும் சேர்ப்பது, ஏதாவது ஒன்றை மட்டும் பாவிப்பதை விடக் கூடுதல் பலன் தருகிறது.

இரண்டாவது, வெரனிக்லின். இது நிக்கோட்டின் ஒட்டிக்கொள்ளும் மூளை ஏற்பிகளில் தானே போய் உட்கார்ந்து, அவற்றை ஓரளவு மட்டும் தூண்டுகிறது. ஆசை தணிகிறது, இடையில் ஒரு சிகரெட் குடித்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். முதல் 3 நாட்கள் தினம் 0.5 மில்லிகிராம், அடுத்த 4 நாட்கள் அதையே இரண்டு வேளை, பிறகு 1 மில்லிகிராம் இரண்டு வேளை என்று 12 வாரம். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வழக்கமான பக்கவிளைவுகள். சாப்பிட்ட பிறகு ஒரு குவளை தண்ணீரோடு விழுங்கினால் குமட்டல் குறையும். சிறுநீரகப் பாதிப்பு கடுமையாக உள்ளவருக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, புப்ரோப்பியன். மனச்சோர்வுக்காகக் கொடுக்கப்பட்ட மருந்து. புகைக்கும் ஆசையையும் குறைப்பது பிறகு தெரிய வந்தது. இதுவும் விடும் நாளுக்கு 1 முதல் 2 வாரம் முன்பே தொடங்கப்படும். இதை எடுக்கக் கூடாதவர்கள் யார் என்பது நம் வாசகர்களுக்கு முக்கியம்; கீழே விளக்குகிறோம்.

நான்காவது, சைட்டிசின். லாபர்னம் என்ற மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் பொருள். பல்கேரியாவில் 1964 முதல் பாவனையில் உள்ளது. வெரனிக்லின் உருவாக முன்னோடியாக இருந்ததும் இதுதான். வழக்கமான சிகிச்சைக் காலம் 25 நாட்கள். நியூசிலாந்தில் 1,310 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், ஒரு மாத முடிவில் சைட்டிசின் எடுத்தவர்களில் 40 சதவீதத்தினரும், நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் 31 சதவீதத்தினரும் புகைக்காமல் இருந்தார்கள்.

நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை 2009இலும், வெரனிக்லினும் புப்ரோப்பியனும் 2021இலும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அடிப்படைச் சுகாதார சேவையொன்றில் இருக்க வேண்டியவை என்று கருதப்படும் மருந்துகளின் பட்டியல் அது.

நூறு பேரில் எத்தனை பேர்?

மருந்து என்றால் மந்திரம் என்று எதிர்பார்த்து ஏமாறக் கூடாது. பல நூறு ஆய்வுகளைத் தொகுத்து கொக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட கணிப்பு இது. எந்த மருந்தும் இல்லாமல் விட முயலும் 100 பேரில் சுமார் 6 பேர் 6 மாதத்துக்கு மேல் புகைக்காமல் நிலைக்கிறார்கள். ஒரு வகை நிக்கோட்டின் மாற்று மட்டும் பாவித்தால் சுமார் 9 பேர். பட்டையையும் சுயிங்கத்தையும் சேர்த்தால் 12 பேர். வெரனிக்லின் அல்லது சைட்டிசின் என்றால் 14 பேர்.

6 என்பது 14 ஆவது சிறிய உயர்வல்ல. இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் முதல் முயற்சியில் திரும்பிப் போகிறார்கள் என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. வெற்றி பெற்றவர்களில் பலர் பலமுறை தோற்றவர்கள். இரத்த அழுத்தம் ஒரு மருந்தில் அடங்காவிட்டால் நோயாளியை யாரும் திட்டுவதில்லை; மருந்தை மாற்றுகிறார்கள். இங்கும் அதே அணுகுமுறை வேண்டும்.

மருந்தோடு பேச்சும் சேர வேண்டும். எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது, எதற்காக அந்தக் கை பைக்குள் போகிறது என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டு, மாற்று வழியைத் திட்டமிட உதவினால் பலன் கூடுகிறது. ஒவ்வொரு நோயாளியிடமும் 30 விநாடி முதல் 3 நிமிடம் வரையிலாவது இதைப் பற்றிப் பேசுவது சுகாதார ஊழியரின் வழக்கமான பணியாக வேண்டும் என்கிறது 2024 வழிகாட்டி.

மெல்லும் புகையிலைக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். மெல்லும் பழக்கத்தை விட விரும்புவோருக்கு முதன்மையாக ஆலோசனைச் சிகிச்சையும், மருந்தாக வெரனிக்லின் அல்லது நிக்கோட்டின் மாற்றும் உதவும் என்று அதே வழிகாட்டி கூறுகிறது. ஆய்வுகளில் பெரும்பாலானவை சிகரெட் புகைப்போரிடம் நடத்தப்பட்டவை என்பதால், மெல்லுவோருக்கான அளவை வைத்தியர்தான் ஆளுக்கேற்ப முடிவு செய்ய வேண்டும். வாயில் புண், வெண்திட்டு, வாய் திறக்க முடியாமை உள்ளவருக்குச் சுயிங்கம் சரிப்படாது, பட்டையே ஏற்றது.

பாக்குக்குத் தனி மருந்து இல்லை. பாக்கில் உள்ள அரெக்கோலின் என்ற பொருளும் பழக்கத்தைப் பிடித்து வைக்கிறது. வாயின் உட்தோலை இறுக்கி, திறக்க விடாமல் செய்யும் நார்த்தன்மை நோய்க்கு முதன்மைக் காரணமும் பாக்குத்தான். அந்த இறுக்கம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே புகையிலையை மட்டும் எடுத்துவிட்டு வெற்றிலை பாக்கைத் தொடர்வது பாதி வழிதான். சிகரெட்டை விட்டுவிட்டு வெற்றிலைக்கு மாறுவதும் அப்படியே.

வெற்றிலை போடும் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்க்க வேண்டும். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், முன்பு இல்லாதபடி மிளகாய்க் காரம் எரிவது, மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பல் கிளினிக்குக்குப் போக வேண்டும். நோவு இல்லை என்று காத்திருக்கக் கூடாது. ஆரம்பத்தில் வாய்ப் புற்றுநோய்க்கு நோவு இருப்பதில்லை.

போரைக் கடந்து வந்தவர்கள் கவனிக்க வேண்டியவை

1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல, 2009 வரை போரின் நடுவிலும் வாழ நேர்ந்தன. இரு பக்கமும் உறவு உள்ள அந்தக் குடும்பங்களிலும், வடக்கு கிழக்கில் இழப்பைச் சுமக்கும் வீடுகளிலும், பீடியும் வெற்றிலையும் இரவைக் கடக்கும் துணையாகியிருக்கின்றன. "இதையும் எடுத்துவிட்டால் மனசு தாங்காது" என்ற பயம் அங்கே உண்மையானது. அந்தப் பயத்துக்கு ஆய்வுகள் தரும் பதில் நம்பிக்கையூட்டுவது.

புகைப்பதை நிறுத்தியவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் காலப்போக்கில் குறைகின்றன என்று 2014இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. மனநோய் உள்ளவர்களுக்கும் இது பொருந்தியது. அமெரிக்காவில், போர் அனுபவத்தின் மன வடுவுக்குச் சிகிச்சை பெற்ற 943 முன்னாள் படையினரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. வேறு கிளினிக்குக்கு அனுப்பாமல், வழக்கமான மனநலச் சிகிச்சையோடு சேர்த்தே புகை விடும் சிகிச்சையும் கொடுக்கப்பட்டவர்களில் 8.9 சதவீதம் பேர் நீண்டகாலம் புகைக்காமல் இருந்தார்கள். தனிக் கிளினிக்குக்கு அனுப்பப்பட்டவர்களில் அது 4.5 சதவீதம். அவர்களது மனநிலையும் மோசமாகவில்லை. மனநலக் கிளினிக்கில் இருப்பவர்கள் அங்கேயே இதைக் கேட்கலாம் என்பது இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம்.

வெரனிக்லின் தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்ற அச்சம் முன்பு பரவலாக இருந்தது. 16 நாடுகளில் 8,144 பேரிடம் நடந்த பெரும் ஆய்வு 2016இல் வெளியானது. பங்கேற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநோய் வரலாறு உள்ளவர்கள். மருந்தால் அத்தகைய விளைவுகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. அதையடுத்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் தனது கடும் எச்சரிக்கையை நீக்கியது. எனினும் மருந்து தொடங்கியபின் மனநிலையில் மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கவனம் தேவைப்படும் இடங்கள் மூன்று.

ஒன்று, புப்ரோப்பியன் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுவது. வலிப்பு உள்ளவர்கள் அதை எடுக்கக் கூடாது. தலையில் செல் துண்டு பாய்ந்தவர்களும் தலையில் அடிபட்டவர்களும் அந்த வரலாற்றை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தினமும் மது அருந்தி அதைத் திடீரென நிறுத்துபவருக்கும் இதே ஆபத்து உண்டு. பல ஆண்டுகளுக்கு முந்திய காயம்தானே என்று மறைத்துவிடாதீர்கள்.

இரண்டு, ஒலன்சபின், குளோசபின் போன்ற மனநோய் மருந்துகள். புகையிலைப் புகை இந்த மருந்துகளை ஈரல் விரைவாகக் கரைக்கும்படி செய்கிறது. புகைப்பதை நிறுத்தியதும் அதே மாத்திரை இரத்தத்தில் கூடுதல் அளவில் தங்கும். தூக்கமும் தள்ளாட்டமும் வரலாம். விடும் நாளை முன்கூட்டியே மனநல வைத்தியரிடம் சொன்னால் அவர் அளவைச் சரிசெய்வார். நீங்களாகக் குறைக்காதீர்கள். இது புகையால் வரும் விளைவு. மெல்லுவோருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

மூன்று, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும். அவர்களுக்கு ஆலோசனைச் சிகிச்சையே முதல் வழி. நிக்கோட்டின் மாற்றுத் தேவையா என்பதை வைத்தியர் முடிவு செய்வார். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

தோட்டத்திலிருந்து எங்கே போவது?

முதல் படி ஒரு தொலைபேசி அழைப்பாக இருக்கலாம். புகையிலையை விட விரும்புவோருக்கான தேசிய அதிகாரசபையின் உதவி இலக்கம் 1948. அழைத்தவுடன், தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. அதைக் கேட்பதில் சங்கடம் எதுவும் இல்லை. மனச்சுமை தாங்க முடியாத நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழைக்கலாம்.

இரண்டாவது, அரச வைத்தியசாலைகளோடு இணைந்து இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள். இரத்த அழுத்தம், சீனி, உடல் நிறை ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கும் இடங்கள் இவை. புகைத்தலும் வெற்றிலையும் பற்றிக் கேட்பது அங்குள்ள வழமை. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது, பெரிய வைத்தியசாலைகள். ஹட்டன் பகுதிக்கு, இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டப்பட்டு 2017 மே 12இல் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை உண்டு. நுவரெலியாவுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை. வாயில் சந்தேகமான மாற்றம் இருந்தால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

போகும்போது மூன்று விபரங்களை எழுதிக்கொண்டு போங்கள்: விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் பாவனை, ஒரு நாளைக்கு எத்தனை, இப்போது எடுக்கும் மாத்திரைகள் என்ன. "விடச் சொல்லாதீங்க, விடுறதுக்கு மருந்து தாங்க" என்று நேராகக் கேளுங்கள். மருந்துக் கையிருப்பு இடத்துக்கு இடம் வேறுபடும். எது இருக்கிறது, வெளியே வாங்கினால் 8 வாரத்துக்கு என்ன செலவாகும் என்பதையும் அன்றே கேட்டு, பாவனைக்கு மாதம் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்பதுதான் தோட்டத்தில் பெரிய தடை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், நிர்ணயித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர்தான் என்ற கவலை தீரவில்லை. ஆலோசனைக்காக மாதம் இரண்டு முறை நகரத்துக்குப் போய்வரச் சொன்னால் அது ஏட்டுச் சிகிச்சையாகிவிடும். எனவே இது தோட்டத்து டிஸ்பென்சரிக்கே வர வேண்டும். தோட்ட மருத்துவ உதவியாளருக்கும், லயங்களுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் பயிற்சி கொடுத்து, பட்டையும் சுயிங்கமும் அவர்கள் கையில் இருக்கச் செய்தால் இது நடக்கக்கூடியதே. இந்தியா 2002இல், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் உட்பட 13 இடங்களில் புகையிலை விடுவிப்புக் கிளினிக்குகளோடு இதைத் தொடங்கியது. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, இதற்கான நேரத்தையும் மருந்தையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம்.

முதல் நான்கு வாரங்கள்

ஒரு நாளைக் குறியுங்கள். சம்பள நாளும் திருவிழாவும் வேண்டாம். சாதாரண வாரத்தின் ஒரு நாள் போதும். அன்றிரவே வெற்றிலைப் பையையும் தீப்பெட்டியையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். கூட நிற்கும் இருவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரையும் கூட்டாளியாக்குங்கள். ஒரே நிரையில் கொழுந்து பறிக்கும் இருவர் சேர்ந்து விட்டால், பிரட்டுக்களத்தில் வெற்றிலை நீட்டும் கையை மறுப்பது எளிதாகும்.

ஆசை ஒரு அலை போல எழுந்து சில நிமிடங்களில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள். கராம்பு, ஏலக்காய், பெருஞ்சீரகம் எதையாவது வாயில் போடுங்கள். பாக்கு வேண்டாம். பசியால் ஆசை வருவதுண்டு. காலையில் வெறும் பிளேன்டீயோடு மலைக்குப் போகாமல் ஒரு ரொட்டித் துண்டாவது சாப்பிட்டுப் போங்கள்.

புகைப்பவர்களுக்குத் தேநீர் பற்றி இன்னொரு குறிப்பு. புகை, கஃபீனையும் உடலிலிருந்து வேகமாக வெளியேற்றுகிறது. நிறுத்தியதும் அதே அளவு தேநீரில் கஃபீன் கூடுதலாகத் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அதைப் புகையிலை விட்டதன் கோளாறு என்று எண்ணித் திரும்பிப் போனவர்கள் உண்டு. முதல் வாரங்களில் தேநீரைப் பாதியாகக் குறையுங்கள். மாலைக்குப் பிறகு தவிருங்கள். மது கையில் இருக்கும்போது சிகரெட்டை மறுப்பது கடினம்; அதையும் ஒத்திப்போடுங்கள்.

ஒருநாள் தவறினால் பட்டையைப் பிய்த்து எறிய வேண்டாம். மருந்தைத் தொடர்ந்தபடியே மறுநாள் மீண்டும் நிறுத்துங்கள். மருந்தைப் பாதியில் விடுவது, தவறிப் புகைத்த ஒரு சிகரெட்டை விடப் பெரிய இழப்பு.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை இலங்கை 2003 நவம்பரில் ஏற்று உறுதி செய்தது. தெற்காசியாவில் முந்திக்கொண்ட நாடுகளில் ஒன்று நாம். அதன் 14ஆம் உறுப்புரை, புகையிலையை விட விரும்பும் குடிமகருக்குச் சிகிச்சையும் ஆலோசனையும் கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாக்குகிறது. சுகாதார நிலையத்தில், வேலைத்தலத்தில், விளையாட்டுச் சூழலில் என்று இடங்களையும் அது சொல்கிறது. கொழுந்து மலையும் ஒரு வேலைத்தலம். அடுத்த முறை கிளினிக்கில் உங்கள் முறை வரும்போது, பிரஷர் மாத்திரையோடு இதையும் கேளுங்கள்.